முதுகு நோகாமல் பாஸ் வாசிக்க: எடை குறைந்த ஸ்பீக்கர் பெட்டி வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பாஸ் கிட்டார் பிறந்ததற்குச் சுமையும் ஒரு காரணம். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் டபுள் பாஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன வாத்தியக்காரர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும்படி 1951-ல் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பாஸைக் கொண்டுவந்தார். வாத்தியம் இளைத்தது, ஆனால் சுமை ஆம்ப்புக்கு இடம் மாறியது. 1969-ல் ஆம்பெக் நிறுவனம் எஸ்விடி என்ற 300 வாட் வால்வு ஆம்ப்பை வெளியிட்டது. அதன் வழிவந்த எஸ்விடி-சிஎல் ஹெட் (ஸ்பீக்கர் சேராத ஆம்ப் பகுதி) மட்டும் சுமார் 36 கிலோ. அதற்கு ஜோடியாக வைக்கும், எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி சுமார் 63 கிலோ. அந்தப் பெட்டிக்கு 'ஃபிரிட்ஜ்' என்றே பட்டப்பெயர். மாடிப்படியில் ஒரு தடவை ஏற்றிப் பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

இன்று 500 வாட் தரும் ஹெட் இரண்டு கிலோவுக்குள் கிடைக்கிறது. நல்ல 12 அங்குலப் பெட்டியை ஒரு கையில் தூக்கலாம். ஆனால் 'லைட்வெயிட்' என்று ஒட்டி விற்பதெல்லாம் ஒரே சரக்கு இல்லை. எடையைக் குறைக்க மூன்று இடம் உண்டு: ஆம்ப், ஸ்பீக்கரின் காந்தம், பெட்டியின் பலகை. ஆம்ப்பில் குறைத்தால் ஒலியில் நஷ்டம் கிட்டத்தட்ட இல்லை. காந்தத்தில் குறைத்தால் பணம் கூடும். பலகையில் கண்டபடி குறைத்தால் ஒலியே கெடும். அதனால் இதே வரிசையில் குறைத்துக்கொண்டு வாருங்கள். மலிவான லைட்வெயிட் பெட்டிகள் இதைத் தலைகீழாகச் செய்திருக்கும்: மெல்லிய பலகை, சின்னக் காந்தம், மேலே ஒரு பளபளப்பான ஸ்டிக்கர்.

முதலில், பெட்டி வேண்டுமா என்று பாருங்கள்

சர்ச், கல்யாண ரிசப்ஷன், திருவிழா மேடை என்று வாசிப்பவர் என்றால், கூட்டத்துக்கு உங்கள் பாஸ் போய்ச் சேர்வது உங்கள் பெட்டி வழியாக இல்லை. சவுண்ட் செட்டு வழியாகத்தான். அங்கே பெட்டிக்கு ஒரே வேலை: நீங்கள் வாசிப்பது உங்களுக்கும் டிரம்மருக்கும் கேட்க வேண்டும். அதற்கு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று போதும். மேடையில் நல்ல மானிட்டர் கிடைக்கும் என்றாலோ, எல்லாருமே இயர்போனில் கேட்டு வாசிக்கும் குழு என்றாலோ, அதுகூட வேண்டாம். டிஐ அவுட் (சவுண்ட் செட்டில் நேராகக் குத்தும் இணைப்பு) உள்ள ஒரு பிரீஆம்ப் பெடலை, அதாவது ஒலியைச் சீராக்கிக் கொடுக்கும் சின்னப் பெடலை, பையில் போட்டுக்கொண்டு கிளம்பலாம். டெக் 21-இன் சான்ஸ்ஆம்ப் பாஸ் டிரைவர் இந்த வகையில் பல வருடமாகப் பெயர் வாங்கியது.

பெட்டி உண்மையிலேயே தேவைப்படுவது சவுண்ட் செட்டில் பாஸைச் சேர்க்காத சின்ன இடங்களில்: ரிகர்சல் அறை, கஃபே, வீட்டு விசேஷம். டிரம்ஸ் இல்லாத குழுவுக்கு 50 முதல் 100 வாட் போதும். முழு டிரம் செட்டோடு, வெளியிலிருந்து உதவி இல்லாமல் வாசிக்கிறீர்கள் என்றால் 300 முதல் 500 வாட், கூடவே இரண்டு 10 அல்லது இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்: இங்கே தாராளமாக இளைக்கலாம்

பழைய ஆம்ப்பைத் திறந்து பார்த்தால் பாதி எடை இரும்பு டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நொடிக்கு 50 தடவைதான் மாறுகிறது; அவ்வளவு மெதுவான மின்சாரத்தில் பெரிய வாட்டைக் கடத்த நிறைய இரும்பும் செம்பும் வேண்டும். புது ஆம்ப்புகளில் இருக்கும் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை, அதே மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை மாறும்படி நறுக்கிவிடுகிறது. அப்போது உள்ளங்கை அகல டிரான்ஸ்ஃபார்மரே போதும். இதோடு 'கிளாஸ் டி' சர்க்யூட் சேர்ந்தால் சூடு குறையும்; கிலோக்கணக்கில் அலுமினியத் தகடும் தேவையில்லை.

கணக்கைப் பாருங்கள். அகிலார் டோன் ஹேமர் 500 ஹெட் சுமார் 1.8 கிலோ, 4 ஓமில் (ஓம் என்பது ஸ்பீக்கர் காட்டும் மின்தடையின் அளவு) 500 வாட். டிரேஸ் எலியட் எல்ஃப் ஒரு கிலோவுக்கும் கீழே, 200 வாட். இதைக் கிட்டார் பையின் முன்பக்க ஜிப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். வால்வு ஆம்ப்பின் கனம் இதில் இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. தனியாக உட்கார்ந்து கேட்டால் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டிரம்ஸும் கீபோர்டும் ஓட ஆரம்பித்த பிறகும் அந்த வித்தியாசம் தெரிகிறவருக்கு என் வணக்கம்.

இந்தக் குட்டி ஹெட்டில் ஒரு தொந்தரவு உண்டு. பெட்டி மேல் வைத்திருப்பீர்கள், பாட்டு சூட்டில் இரண்டு அடி முன்னே போவீர்கள், கேபிள் இழுத்து ஹெட் கீழே விழும். 36 கிலோ ஆம்ப்பில் இந்தப் பயம் இல்லை. கேபிளைப் பெட்டியின் கைப்பிடிக்குள் ஒரு சுற்று விட்டுப் பிறகு ஹெட்டில் குத்துங்கள். ஹெட்டின் அடியில் வெல்க்ரோ ஒட்டினால் இன்னும் நல்லது.

ஹெட்டும் பெட்டியும் தனித்தனியா, ஒன்றாக வரும் காம்போவா? புதிதாக ஆரம்பிப்பவருக்குக் காம்போவே சௌகரியம். ஃபெண்டர் ரம்பிள் வரிசையின் மூன்றாம் தலைமுறையில் 40 வாட் மாடல் சுமார் 8 கிலோ, 100 வாட் சுமார் 10 கிலோ, இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள 500 வாட் மாடல் சுமார் 16.5 கிலோ. முதல் இரண்டும் பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கொண்டு போகும் அளவு. பெரிய வாட்டுக்குப் போகும்போது தனித்தனியாக வாங்குவதே நல்லது. ஒன்று பழுதானால் இன்னொன்றாவது மிஞ்சும்.

காந்தம்

ஸ்பீக்கரின் பின்னால் கறுப்பு வளையமாகத் தெரிவது ஃபெரைட் காந்தம். மலிவு, உறுதி, ஆனால் கனம். 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானின் சுமிட்டோமோவும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே கண்டுபிடித்த நியோடிமியம் காந்தம் அதே வேலையை மிகக் குறைந்த எடையில் செய்கிறது. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ மிச்சமாகும். அகிலாரின் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலுமே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர்தான். பழைய பாணி டிபி 112 ஏறத்தாழ 20 கிலோ. நியோ காந்தமும் லேசான பலகையும் கொண்ட எஸ்எல் 112 சுமார் 11 கிலோ.

நியோ என்றால் ஒலி மெலிந்துவிடும் என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கூம்பும் சுருளும் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கின்றன என்பதே ஒலியைத் தீர்மானிக்கிறது. காந்தம் எதனால் ஆனது என்பது அதற்குப் பிறகுதான். விலைதான் உண்மையான பிரச்சினை. இந்த அருமண் உலோகத்தில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2010-11-ல் அங்கே ஏற்றுமதியைச் சுருக்கியபோது நியோடிமியம் விலை எகிறியது.

அதனால் எங்கே செலவு செய்யலாம் என்று பாருங்கள். நான்கு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் நியோ போட்டால் பத்து கிலோ வரை இறங்கும். அது காசுக்குத் தகும். ஒரே ஒரு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சிப் பெட்டிக்கு நியோ தேடி அலைவது வீண்.

பலகையும் பருமனும்

ஒரு 12 அங்குலப் பெட்டி சுமார் 45 செ.மீ. உயரம், 40 அகலம், 38 ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பக்கமும் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பலகை. இதை 18 மி.மீ. எம்டிஎஃப்பில் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) செய்தால் பலகை மட்டுமே 13 கிலோவுக்கு மேல். அதையே 15 மி.மீ. பாப்லர் பிளைவுட்டில் செய்தால் 7 கிலோ. பாதிக்குப் பாதி. எம்டிஎஃப்புக்கு இன்னொரு குறையும் உண்டு: மூலையில் அடிபட்டு உறை கிழிந்து ஈரம் ஏறினால் ஊதிவிடும். கடற்கரை ஊர்களிலும் மழைக்கால மேடைகளிலும் இது சகஜம். பாஸ் பெட்டிக்கு எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி.

ஆனால் மெல்லிய பலகை தானும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர் தள்ளும் சக்தியில் ஒரு பங்கைப் பலகை தின்றுவிட்டு, சில சுரங்களில் மட்டும் 'பூம்' என்று திருப்பித் தரும். நல்ல தயாரிப்பாளர்கள் உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து இதை அடக்குவார்கள். நல்ல லைட்வெயிட் பெட்டி ஏன் விலை கூடுகிறது என்றால், பாதிப் பதில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சட்டங்களில் இருக்கிறது.

பருமனைப் பொறுத்தவரை இயற்பியல் தள்ளுபடி தருவதில்லை. ஒலிபெருக்கிப் பொறியாளர் ஹாஃப்மன் பெயரால் வழங்கும் விதி ஒன்று உண்டு. ஆழமான தாழ்சுரம், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். குட்டிப் பெட்டியில் 'நிலத்தை அதிரவைக்கும் பாஸ்' என்று எழுதியிருந்தால், ஒன்று அது நிறைய வாட்டை விழுங்கும், இல்லையென்றால் விளம்பரம் எழுதியவர் மிகைப்படுத்துகிறார்.

இதற்காக மனம் தளர வேண்டாம். நான்கு கம்பி பாஸின் அடிக் கம்பியான 'இ' நொடிக்கு 41 தடவை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பியின் 'பி' 31 ஹெர்ட்ஸ். பாஸ் பெட்டிகள் பெரும்பாலும் இந்த அடியை முழுதாகக் கொடுப்பதில்லை. நம் காது, 'இ' என்றால் அதன் இரண்டு மடங்கான 82 ஹெர்ட்ஸையும் அதற்கு மேலுள்ளவற்றையும் வைத்தே அடிச் சுரத்தைப் புரிந்துகொள்கிறது. அதனால் ஒழுங்காகச் செய்த சின்னப் பெட்டியிலும் பாஸ் பாஸாகவே கேட்கும். ஐந்து கம்பிக்காரர்கள் மட்டும் ஒரு படி பெரிய பெட்டி பாருங்கள்.

10, 12, 15: எது? ஒன்றா, இரண்டா?

15 அங்குலம் என்றால் ஆழம், 10 என்றால் பளிச் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டின் (காற்று போய்வரும் துளை) அளவும் ஸ்பீக்கரோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதே ஆழத்தைத் தீர்மானிக்கும். நல்ல 12, சுமாரான 15-ஐத் தோற்கடிக்கும்.

என்னைக் கேட்டால், ஒரே ஸ்பீக்கர் உள்ள 12 அங்குலப் பெட்டி ஒன்றை 8 ஓமில் வாங்குங்கள். கை கொஞ்சம் ஓடும்போது அதே மாடலில் இரண்டாவதை வாங்கிக்கொள்ளலாம். சின்ன இடத்துக்கு ஒன்று, பெரிய இடத்துக்கு இரண்டு. 22 கிலோ பெட்டி ஒன்றைச் சுமப்பதைவிட, 11 கிலோவாக இரண்டு கையிலும் பிரித்துச் சுமப்பது முதுகுக்கு எவ்வளவோ மேல்.

8 ஓம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு 8 ஓம் பெட்டிகளை ஒரே ஹெட்டில் போட்டால் மொத்தம் 4 ஓம். பெரும்பாலான ஹெட்டுகள் தாங்கும் எல்லை அதுதான், முழு வாட் கிடைப்பதும் அங்கேதான். 500 வாட் ஹெட் ஒரே 8 ஓம் பெட்டிக்குப் பாதியளவையே தரும். இரண்டு 4 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 2 ஓம். அதைத் தாங்கும் என்று ஹெட்டின் பின்புறம் எழுதியிருந்தால் ஒழியச் செய்யாதீர்கள். ஹெட் தானாக அணையும், அல்லது புகையும்.

இரண்டாவது பெட்டி சேரும்போது சத்தம் 6 டெசிபல் வரை ஏறும். பாதி, ஸ்பீக்கர் பரப்பு இரட்டிப்பதால்; மீதி, ஹெட் கூடுதல் வாட் தருவதால். பெட்டியை மாற்றாமல் வாட்டை மட்டும் இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டைப் பார்த்து மயங்காதீர்கள். அது பெட்டி எவ்வளவு தாங்கும் என்பது. எவ்வளவு சத்தம் போடும் என்பதல்ல. அதற்கு 'சென்சிட்டிவிட்டி' என்ற எண்ணைப் பாருங்கள்; ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் என்பதை அது சொல்லும். 97 டெசிபல் பெட்டிக்கு 400 வாட் கொடுப்பதும் 100 டெசிபல் பெட்டிக்கு 200 வாட் கொடுப்பதும் சத்தத்தில் ஒன்றே.

கடையில்

சொந்த பாஸையும் சொந்தக் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையின் விலையுயர்ந்த பாஸில் எந்தப் பெட்டியும் நன்றாகத்தான் கேட்கும்.

வாசிப்பதற்கு முன்னால் தூக்குங்கள். கைப்பிடி எடையின் நடுவில் இருக்கிறதா, ஸ்பீக்கர் பக்கம் சாய்கிறதா? கடையைச் சுற்றி ஒரு நடை போங்கள். ஒரு மாடிப்படி இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். பெட்டியின் மூலை முழங்காலில் இடித்தால் நாளைக்கும் இடிக்கும். சக்கரம் வைத்த பெட்டி சமதளத்தில் சுகம்தான், ஆனால் சக்கரம் எடையைக் குறைப்பதில்லை. படிக்கட்டு வந்ததும் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

அடுத்து, விரல் முட்டியால் பக்கப் பலகையின் நடுவில் தட்டுங்கள். 'டக்' என்று சுருக்கமாக நின்றால் உள்ளே சட்டம் இருக்கிறது. தகர டப்பா போல இழுத்துக்கொண்டு ஒலித்தால் கவனம். பிறகு ஈக்யூ (தாழ்சுரம், மேல்சுரம் கூட்டிக் குறைக்கும் திருகுகள்) எல்லாம் நடுவில் வைத்துவிட்டு, 'இ' கம்பியை விரல் வைக்காமல் வாசிப்பதில் தொடங்கி, ஒவ்வொரு ஃபிரெட்டாக 12 வரை ஒரே அழுத்தத்தில், நிதானமாக ஏறுங்கள். ஏதோ ஒரு இடத்தில், பெரும்பாலும் 'ஜி', 'ஏ' பக்கத்தில், ஒரு சுரம் மட்டும் தடித்து எழும், அல்லது அடுத்தது பொசுக்கென்று காணாமல் போகும். அறையும் இதைச் செய்யும். அதனால் பெட்டியை இரண்டடி நகர்த்திவிட்டு மறுபடி வாசியுங்கள். தடித்த சுரம் மாறினால் குற்றம் அறையுடையது, மாறாவிட்டால் பெட்டியுடையது.

இதை அடுத்தவர் முன்னால் செய்யக் கூச்சமாக இருக்கும். கடையில் எல்லாரும் ஸ்லாப் அடித்துத் தூள் கிளப்பும்போது நீங்கள் மட்டும் பாலபாடம் போல ஏறிக்கொண்டிருப்பீர்கள். பரவாயில்லை, காசு உங்களுடையது.

கடைசியாக, கேபிள் எட்டும் மட்டும் தள்ளி நின்று கேளுங்கள். பெட்டி முழங்கால் உயரத்தில் இருக்கிறது, காது மேலே இருக்கிறது. பக்கத்திலேயே நின்றால் மேல்சுரம் எதுவும் காதுக்கு வராது. 'மங்கலான பெட்டி' என்று தப்பாக முடிவு கட்டிவிடுவீர்கள். டுவீட்டர் (மேல்சுரத்துக்கான குட்டி ஸ்பீக்கர்) இருந்தால் அதை அணைத்துப் போட்டுப் பாருங்கள். முழுதாக அணைக்கும் திருகு இல்லாத பெட்டியில் கம்பி உரசும் சத்தம் எல்லாம் வெளியே வரும்.

கூட வரும் சாமான்கள்

ஹெட்டிலிருந்து பெட்டிக்குப் போவது ஸ்பீக்கர் கேபிளாகவே இருக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றாக இருந்தாலும், கிட்டார் கேபிளின் உள்ளே இருப்பது மெல்லிய கம்பி. இத்தனை வாட்டுக்கு அது சூடேறும், ஹெட்டையும் கெடுக்கலாம். ஸ்பீக்கான் இணைப்பு உள்ள பெட்டியே வாங்குங்கள். திருகிப் பூட்டிக்கொள்ளும், காலில் பட்டாலும் கழன்று வராது.

சின்னப் பெட்டிக்காரர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடும் ஹை பாஸ் ஃபில்டர். போர்ட் உள்ள பெட்டியில் ஒரு அளவுக்குக் கீழே காற்றின் பிடி விட்டுப்போய், கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் அடித்துக்கொள்ளும். வாட் வீணாகும், ஸ்பீக்கரும் கிழியலாம். 30 முதல் 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் அதே பெட்டி கூடுதல் சத்தத்தை அலட்டாமல் தாங்கும். சில ஹெட்டுகளில் உள்ளேயே இருக்கும். இல்லையென்றால் பெடலாகக் கிடைக்கிறது.

பாஸையும் ஒரு தடவை எடை போட்டுப் பாருங்கள். நாலரை கிலோ பாஸை மூன்று மணி நேரம் தோளில் போட்டுக்கொண்டு, பெட்டியை மட்டும் இளைக்க வைத்து என்ன பயன்? நாலு அங்குல அகலப் பட்டை வாங்குங்கள். கழுத்துப் பக்கம் சாய்கிற பாஸ் என்றால் லேசான முறுக்காணிகள் மாட்டினால் சரியாகிவிடும்.

மேடையில் வைக்கும் விதம்

இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்டே வரும், மேல்சுரங்களும் மேடையின் இருபுறமும் சீராகப் பரவும். ஒரே பெட்டி என்றால் பின்னால் சாய்த்து வையுங்கள். தரையிலும் சுவரோரமும் வைத்தால் தாழ்சுரம் இலவசமாகக் கூடும். நாற்காலி மேல் ஏற்றினால் அது குறைந்து தெளிவு கூடும். எதிரொலிக்கும் கல்யாண மண்டபத்தில் நாற்காலி, திறந்தவெளி மேடையில் தரை. மரமேடை உள்ளே குழியாக இருந்து உறுமினால், பெட்டியின் அடியில் கெட்டியான ஸ்பாஞ்சுத் துண்டு வையுங்கள்.

பழையது, வெளிநாட்டுச் சரக்கு

அமெரிக்காவிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் இரண்டு கிலோ ஹெட்டைக் கொண்டுவரச் சொல்வது நல்ல யோசனைதான், பயணப் பெட்டிக்குள் பத்திரமாக அடங்கிவிடும். ஆனால் வாங்கச் சொல்லும் முன் அதன் பின்புறப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. 115/230 என்று சின்ன சுவிட்ச் இருந்தால், இங்கே மின்சாரம் கொடுப்பதற்கு முன்பே 230-க்குத் தள்ளிவிட வேண்டும். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஹெட்டின் எடையைவிடக் கனமான கன்வர்ட்டர் ஒன்றை ஒவ்வொரு மேடைக்கும் தூக்க வேண்டிவரும்.

பழைய பெட்டி என்றால் கிரில்லைக் கழற்றச் சொல்லுங்கள். கூம்பின் நடுவில் இரண்டு கையாலும் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் சுருள் கெட்டிருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 'ஸ்பீக்கர் மாற்றியது' என்று சொன்னால், எந்த ஸ்பீக்கர் என்று கேளுங்கள். வேறொரு பெட்டிக்கென்று கணக்கிட்ட ஸ்பீக்கரைப் புதிது என்பதற்காக மாட்டியிருந்தால், பெட்டியின் கொள்ளளவும் போர்ட்டும் அதற்குப் பொருந்தாது. அப்படிப்பட்ட பெட்டிக்கு மரவிலை மட்டும் கொடுங்கள்.